தீர்ப்பும் சமரசமும்: பீகிள் நீரிணைச் சிக்கலில் திருப்பீடத்தின் அரசதந்திரம் (1978–1984)

முன்னுரை

அனைத்துலக உறவுகளின் வரலாற்றில் சமயத்தின் பங்கு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சமயத்தைப் போருக்கான காரணமாகவே நோக்கி வந்துள்ளன. சிலுவைப் போர்கள் முதல் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் வரை இந்நோக்கிற்குச் சான்றுகள் பலவுள. எனினும் போரைத் தடுக்கும் ஆற்றலாகச் சமயம் செயற்பட்ட நிகழ்வுகளும் வரலாற்றில் இல்லாமல் இல்லை. அத்தகைய நிகழ்வுகளுள் முழுமையாக ஆவணப்படுத்தப்பட்ட ஒன்று, 1978-ஆம் ஆண்டின் இறுதியில் அர்ஜெண்டினாவுக்கும் சிலிக்கும் இடையே மூளவிருந்த போரைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமைப் பீடமாகிய திருப்பீடம் தடுத்து நிறுத்தியதாகும்.

இந்நிகழ்வு ஒரு வினாவை எழுப்புகின்றது. இவ்விரு நாடுகளின் எல்லைச் சிக்கலை உலகின் தலைசிறந்த ஐந்து நீதிபதிகள் ஆராய்ந்து 1977-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியிருந்தனர். அத்தீர்ப்பு போரைத் தவிர்க்கவில்லை. மாறாக, இரு நாடுகளையும் போரின் விளிம்பிற்கே கொண்டு சென்றது. படையோ, பொருளாதார வலிமையோ, தண்டிக்கும் அதிகாரமோ இல்லாத திருத்தந்தை முன்வைத்த முடிவு, தீவுகளைப் பொறுத்தவரை, அதே தீர்ப்பையே ஒத்திருந்தது. எனினும் அது இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நீதிமன்றம் சொன்னபோது மறுக்கப்பட்டது திருப்பீடம் சொன்னபோது ஏற்கப்பட்டதேன்?

இரு நாடுகளும் கத்தோலிக்க நாடுகள் என்பது இதற்குப் பலரும் கூறும் விடையாகும். இவ்விடை முற்றிலும் தவறன்று; ஆயினும் போதுமானதுமன்று. பொதுவான சமயம் போரைத் தடுக்கவில்லை என்பதும், மானம் குன்றாமல் பின்வாங்குவதற்குரிய வழியையும் மனம் மாறுவதற்குரிய காலத்தையும் அது வழங்கியது என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

திருப்பீடத்தின் அனைத்துலகத் தகுதி

திருப்பீடத்தின் அரசதந்திரத்தைப் புரிந்துகொள்ள, அதன் தகுதி காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1493-இல் ஆறாம் அலெக்சாண்டர் வெளியிட்ட ஆணை, புதிதாகக் கண்டறியப்பட்ட நிலப்பகுதிகளை ஸ்பெயினுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டே ஸ்பெயினும் போர்த்துகலும் தோர்தெசிலாஸ் உடன்படிக்கையின்வழி உலகைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டன. இப்பங்கீடு நம் வட்டாரத்திற்கும் அந்நியமானதன்று. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும், பின்னர் மலுக்குத் தீவுகளுக்காக அவர்களோடு போட்டியிட்டு 1529-இல் சரகோசா உடன்படிக்கையில் கையொப்பமிட்ட ஸ்பானியரும் இதே மரபின் அடிப்படையிலேயே உரிமை கொண்டாடினர். அக்காலத் திருத்தந்தை நிலங்களை வழங்கும் அதிகாரம் தமக்குண்டு எனக் கருதியவர். அந்நிலங்களில் வாழ்ந்த மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. 1870-இல் இத்தாலிய அரசு உரோம் நகரைக் கைப்பற்றியதும் திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பு முற்றாக மறைந்தது. அரசியல் ஆற்றல் முடிவுற்றதாகப் பலரும் கருதிய அந்நிலையில்தான், 1885-இல் கரோலின் தீவுகள் தொடர்பாக ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் இடையே எழுந்த பூசலில் பதின்மூன்றாம் லியோ தலையிட வேண்டும் என ஜெர்மானிய முதல்வர் பிஸ்மார்க் முன்மொழிந்தார். தீவுகளின் இறைமை ஸ்பெயினுக்கு, வணிக உரிமை ஜெர்மனிக்கு என லியோ வகுத்த தீர்வு அவ்வாண்டு டிசம்பரிலேயே இரு தரப்பாராலும் ஏற்கப்பட்டது. நிலத்தை இழந்த பின்னரே திருப்பீடத்தின் நடுநிலைமை நம்பத்தக்கதாயிற்று என்பது இங்கு நோக்கற்பாலது.

இம்மாற்றத்திற்குச் சட்ட வடிவம் தந்தது 1929-ஆம் ஆண்டின் லாத்தரன் உடன்படிக்கை ஆகும். சுமார் 44 ஹெக்டர் பரப்புடைய வத்திக்கான் நகர அரசு அதன்வழி உருவானது. அவ்வுடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, நாடுகளுக்கிடையிலான உலகியல் பூசல்களிலிருந்து திருப்பீடம் விலகி நிற்கும் எனவும், பூசலிடும் தரப்புகள் ஒருமித்து வேண்டினால் மட்டுமே அமைதிப் பணியை மேற்கொள்ளும் எனவும் கூறுகின்றது. அழைக்கப்பட்டால் மட்டுமே வருவது என்னும் இக்கட்டுப்பாடு திருப்பீடத்தின் பலவீனமாகவும் பலமாகவும் ஒருசேர விளங்குகின்றது.

இன்று திருப்பீடம் 180-க்கும் மேற்பட்ட நாடுகளுடன் அரசதந்திர உறவு கொண்டுள்ளது. சிங்கப்பூர் 1981-இலும் மலேசியா 2011-இலும் அவ்வுறவை ஏற்படுத்திக் கொண்டன. இவ்வுறவு வத்திக்கான் நகர அரசுடன் கொள்ளப்படுவதன்று; சமயத் தலைமையாகிய திருப்பீடத்துடன் கொள்ளப்படுவதாகும். நிலம் இல்லாதிருந்த 1870 முதல் 1929 வரையிலான காலத்திலும் திருப்பீடம் தூதர்களை அனுப்பியும் ஏற்றும் வந்தது என்பதே இவ்வேறுபாட்டிற்குச் சான்றாகும்.

சிக்கலின் தோற்றம்

தென் அமெரிக்காவின் தென்கோடியில், தியேரா டெல் ஃபுவேகோ தீவுக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக ஓடும் குறுகிய கடற்பாதையே பீகிள் நீரிணை. 1881-இல் அர்ஜெண்டினாவும் சிலியும் செய்துகொண்ட எல்லை உடன்படிக்கை, இந்நீரிணைக்குத் தெற்கேயுள்ள தீவுகள் ஹார்ன் முனை வரை சிலிக்குரியவை என வகுத்தது. ஆயினும் நீரிணையின் கிழக்கு வாயில் எங்கு அமைந்துள்ளது என்பதை அது விளக்கவில்லை. அவ்வாயிலில் அமைந்த பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா ஆகிய மூன்று சிறு தீவுகள் நீரிணைக்குத் தெற்கே உள்ளனவா, அன்றி நீரிணை அவற்றைச் சுற்றித் திரும்பிச் செல்கின்றதா என்பதே பூசலின் மையமாயிற்று.

தீவுகளின் பொருளாதார மதிப்பு மிகச் சிறிது. அங்கு வாழ்ந்தோரும் மிகச் சிலரே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் எல்லை பற்றிய கோட்பாடுகள் விரிவடைந்தன. கரையிலிருந்து 200 கடல்மைல் வரை வள உரிமை கோரும் போக்கு வலுப்பெற்றதும், ஒரு சிறு தீவை உடையவர் பெருங்கடற்பரப்பையும் உடையவராவார் என்னும் நிலை தோன்றியது. பசிபிக் பெருங்கடல் சிலிக்கு, அட்லாண்டிக் பெருங்கடல் அர்ஜெண்டினாவுக்கு என்பது அர்ஜெண்டினா தன் தேசியக் கொள்கையாகக் கொண்டிருந்த நிலைப்பாடு. 1893-ஆம் ஆண்டின் துணை உடன்படிக்கையை அது இதற்கு ஆதாரமாகக் காட்டியது. தீவுகள் சிலிக்குச் சென்றால் சிலி அட்லாண்டிக்கில் கால் பதிக்கும் என்னும் அச்சமே அதன் உண்மையான கவலையாக இருந்தது.

தீர்ப்பு பெற்ற தோல்வி

1902-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி எல்லைப் பூசல்களுக்கு நடுவராகப் பிரிட்டிஷ் அரசு ஏற்கப்பட்டிருந்தது. அதன் அடிப்படையில் 1971-இல் இச்சிக்கல் நடுவர் மன்றத்திற்கு அனுப்பப்பட்டது. அனைத்துலக நீதிமன்றத்தைச் சேர்ந்த ஐவர் அம்மன்றத்தில் அமர்ந்தனர். பிரிட்டனின் ஜெரால்ட் ஃபிட்ஸ்மாரிஸ் தலைமையில் பிரான்சு, சுவீடன், நைஜீரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த நீதிபதிகள் இச்சிக்கலை ஆராய்ந்தனர். தீர்ப்பு 1977 மே 2-ஆம் நாள் பிரிட்டிஷ் அரசியாரின் பெயரால் அறிவிக்கப்பட்டது. மூன்று தீவுகளும் சிலிக்குரியவை என்பதே முடிவு. 1978 சனவரி 25-ஆம் நாள், அத்தீர்ப்பு செல்லாது என அர்ஜெண்டினா அறிவித்தது.

தீர்ப்பு மறுக்கப்பட்டமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவதாக, நடுவராக நின்ற பிரிட்டனோடு அர்ஜெண்டினாவுக்கு ஃபால்க்லாந்து தீவுகள் தொடர்பான நெடுநாளைய பூசல் இருந்தது. நீதிபதிகள் எவ்வளவு நேர்மையாளராயினும் தீர்ப்பின் தலைப்பில் அமைந்த பெயர் அர்ஜெண்டினரின் செவிக்கு இனிமையாக ஒலிக்கவில்லை. இரண்டாவதாக, நீதிமன்றம் தன்னிடம் கேட்கப்பட்ட வினாவிற்கு மட்டுமே விடையளித்தது. தீவுகள் யாருடையவை என்பதற்கு விடை கிடைத்தது. கடல் யாருடையது என்னும் அச்சத்திற்கு விடை கிடைக்கவில்லை. மூன்றாவதாக, தீர்ப்பு என்பது ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கும் வடிவினது. தம் ஆட்சிக்கு மக்களின் ஒப்புதல் பெறாத இராணுவத் தளபதிகளுக்குத் தேசியப் பெருமை ஒன்றே முதலீடு. தோல்வியை ஏற்பது அவர்களுக்கு ஆட்சியை இழப்பதற்கு நிகராகத் தோன்றியது.

இங்கு நம் வட்டாரத்தின் அனுபவத்தை ஒப்பிடுதல் பொருந்தும். சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்குரியவை என அனைத்துலக நீதிமன்றம் 2002 டிசம்பர் 17-ஆம் நாள் தீர்ப்பளித்தபோது இந்தோனேசியா அதனை ஏற்றது. பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்குரியது என 2008-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு மலேசியாவில் மனக்குறையை ஏற்படுத்தியது. 2017-இல் மறுஆய்வு கோரி மனுவும் அளிக்கப்பட்டது. ஆயினும் அம்மனு 2018-இல் மீட்டுக்கொள்ளப்பட்டது. தீர்ப்பு தன்னளவில் பயனற்றது என்பது இதன் பொருளன்று. தோற்ற தரப்பு தோல்வியைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே தீர்ப்பு பயன் தரும் என்பதே இவ்வொப்பீடு உணர்த்தும் உண்மையாகும்.

1978 டிசம்பர்

அர்ஜெண்டினத் தலைவர் ஹோர்ஹே விடேலாவும் சிலியின் தலைவர் அகஸ்டோ பினோசெட்டும் 1978-இன் தொடக்கத்தில் இருமுறை சந்தித்தனர். பிப்ரவரியில் புவேர்த்தோ மொண்ட் நகரில் கையொப்பமான ஆவணத்தின்படி அமைக்கப்பட்ட பேச்சுக் குழுக்கள் ஆண்டிறுதி வரை முயன்றும் உடன்பாடு கிட்டவில்லை. இரு நாட்டு ஆயர்களும் அமைதியை வலியுறுத்தி வந்தனர். ஒரு மாதம் மட்டுமே திருத்தந்தையாக விளங்கிய முதலாம் ஜான் பால், செப்டம்பரில் அவ்வாயர்களுக்கு இது குறித்து மடல் எழுதினார். அவருக்குப் பின் அக்டோபர் 16-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் ஜான் பாலும் அப்பணியைத் தொடர்ந்தார்.

டிசம்பர் 12-ஆம் நாள் புவேனஸ் அயர்ஸில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சந்தித்துத் திருத்தந்தையை நடுநிலையாளராக ஏற்க இணங்கினர். ஆனால் அர்ஜெண்டின இராணுவக் குழுவின் பிற தளபதிகள் அவ்விணக்கத்தை அன்றே மறுத்தனர். நாட்டின் தலைவர் ஒப்புக்கொண்டதையே அவருடைய உடன்தளபதிகள் தடுக்கக்கூடிய நிலை அங்கு நிலவியது. தீவுகளைக் கைப்பற்றும் அர்ஜெண்டினத் திட்டத்திற்கு 'இறைமை நடவடிக்கை' எனப் பெயரிடப்பட்டிருந்தது. டிசம்பர் 22-ஆம் நாளை ஒட்டி அதன் கப்பல்கள் தென்கடலில் நின்றன. சிலியின் கப்பற்படையும் எதிர்த்து நிற்க ஆயத்தமாக இருந்தது.

அந்நாளிலேயே இரண்டாம் ஜான் பால், தம் தனித்தூதரை இரு தலைநகரங்களுக்கும் அனுப்பும் முடிவைத் தெரிவித்தார். இராணுவக் குழு நடவடிக்கையை நிறுத்தியது. கடலில் வீசிய கடும் புயலும் கப்பல்களைத் தாமதப்படுத்தியதாகக் கூறப்படுகின்றது. எனினும் கப்பல்கள் திரும்பியமைக்கு ஓர் அரசியல் காரணம் தேவைப்பட்டது. அக்காரணத்தை உரோமிலிருந்து வந்த செய்தி வழங்கியது. சிலியின் மிரட்டலுக்கு அஞ்சியோ அமெரிக்காவின் அழுத்தத்திற்குப் பணிந்தோ பின்வாங்கினோம் என எத்தளபதியும் சொல்ல விரும்பமாட்டார். திருத்தந்தையின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தோம் எனச் சொல்வது கத்தோலிக்க நாடொன்றில் இழிவாகாது, பெருமையாகவே கருதப்படும்.

சமோரேயின் பணி

தனித்தூதராக அனுப்பப்பட்டவர் கர்தினால் அந்தோனியோ சமோரே. அப்போது அவருக்கு வயது 73. கொலம்பியாவில் திருத்தந்தையின் தூதராகப் பணியாற்றியவர். திருப்பீடத்தின் நூலகத்திற்கும் ஆவணக் காப்பகத்திற்கும் பொறுப்பாளராக விளங்கியவர். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் புவேனஸ் அயர்ஸ் சென்ற அவர், அங்கிருந்து சாந்தியாகோவுக்கும் மீண்டும் புவேனஸ் அயர்ஸுக்குமாகப் பலமுறை பயணம் செய்தார். 1979 சனவரி 8-ஆம் நாள் உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோவில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அவர் முன்னிலையில் ஆவணமொன்றில் கையொப்பமிட்டனர். திருப்பீடத்தின் சமரசத்தை ஒருமித்து வேண்டுவது, படைபலத்தைப் பயன்படுத்தாதிருப்பது, படைகளைப் படிப்படியாக 1977-இன் தொடக்க நிலைக்குக் குறைப்பது ஆகியவை அதன் சாரம். லாத்தரன் உடன்படிக்கை விதித்த 'ஒருமித்த வேண்டுதல்' என்னும் நிபந்தனை இவ்வாறு நிறைவு பெற்றது.

தீர்ப்புக்கும் சமரசத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் தெளிவுபடுத்துதல் வேண்டும். தீர்ப்பு வழங்குபவர் சட்டத்தை நோக்குகிறார். அவர் சொல் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சமரசம் செய்பவர் தரப்பினரை நோக்குகிறார். அவர் சொல் எவரையும் கட்டுப்படுத்தாது. பழந்தமிழில் இதற்குச் 'சந்து செய்தல்' என்னும் வழக்குண்டு. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்ற கோவூர்கிழார் யார் பக்கம் நீதி எனத் தீர்ப்புச் சொல்லவில்லை. யார் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பதை உணர்த்தினார். சமோரேயின் பணியும் இவ்வகையினதே.

உரோமில் சமரசப் பேச்சு 1979 மே மாதம் தொடங்கியது. சமோரே இரு தரப்பையும் பெரும்பாலும் தனித்தனியே சந்தித்தார். ஒரு தரப்பு சொன்னதை மற்றதற்குச் சொல்லும் முன் இசைவு பெற்றார். கருத்து வேறுபாடு மிகுந்த தீவுச் சிக்கலைப் பின்னுக்குத் தள்ளி, கடல் வளம், கப்பற் போக்குவரத்து, அண்டார்டிக் ஒத்துழைப்பு போன்ற பொருள்களில் உடன்படத்தக்கவற்றை முதலில் தேடினார். பேச்சுகள் மறைவாகவே நடைபெற்றன. விட்டுக்கொடுத்தல் நாளேடுகளில் செய்தியானால் அது விட்டுக்கொடுத்தலாக நீடிக்க இயலாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1980 டிசம்பர் 12-ஆம் நாள் திருத்தந்தை தம் முன்மொழிவை இரு நாடுகளிடமும் அளித்தார். தீவுகள் சிலிக்குரியவை, ஆயினும் அவற்றைச் சூழ்ந்த சிலியின் கடற்பரப்பு குறுகியதாக வரையறுக்கப்படும், அதற்கப்பாலுள்ள பகுதி இரு நாடுகளும் வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் 'அமைதிக் கடல்' ஆகும் என்பன அதன் முக்கியக் கூறுகள். நீதிமன்றத்திடம் கேட்கப்படாத வினாவிற்கு, அதாவது அட்லாண்டிக் பற்றிய அச்சத்திற்கு, முதன்முறையாக விடை கூறப்பட்டது. சிலி அதனை ஏற்றது. அர்ஜெண்டினா ஏற்கவுமில்லை; வெளிப்படையாக மறுக்கவுமில்லை.

காத்திருத்தலின் பயன்

முன்மொழிவுக்குப் பிந்திய நான்காண்டுகள் தேக்க நிலைக் காலமாகவே தோன்றும். 1981-இல் அர்ஜெண்டினா சிலியுடனான எல்லையைச் சிலகாலம் மூடியது. 1982 ஏப்ரல் 2-இல் அர்ஜெண்டினப் படைகள் ஃபால்க்லாந்து தீவுகளில் இறங்கின. ஜூன் 14-இல் அவை பிரிட்டனிடம் சரணடைந்தன. 1983 பிப்ரவரியில் சமோரே காலமானார். தாம் தொடங்கிய பணியின் நிறைவைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும் இத்தேக்க நிலைதான் திருப்பீடத்தின் பெரும் பங்களிப்பு எனக் கருத இடமுண்டு. காலக்கெடு விதித்திருந்தால் அர்ஜெண்டின இராணுவக் குழு முன்மொழிவை மறுத்திருக்கும். மறுத்திருந்தால் சமரசம் முறிந்திருக்கும். திருப்பீடம் விடை கேட்டு நெருக்கவுமில்லை. மேசையை விட்டு எழவுமில்லை. பேச்சு தொடர்கின்றது என்னும் நிலையே ஐந்தாண்டுக் காலம் போரைத் தள்ளிவைத்தது. அக்காலத்தில் மாறியது எல்லைக்கோடு அன்று; ஆட்சியே மாறியது. ஃபால்க்லாந்து தோல்வியால் இராணுவ ஆட்சி சரிந்து, 1983 டிசம்பர் 10-இல் ராவுல் அல்போன்சின் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராகப் பதவியேற்றார். மக்களின் ஒப்புதலைப் பெற்ற அரசு, தளபதிகளால் விட்டுக்கொடுக்க இயலாததை விட்டுக்கொடுக்க முடிந்தது.

1984 சனவரியில் இரு நாடுகளும் வத்திக்கானில் அமைதி அறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. அல்போன்சின் இச்சிக்கலை மக்களின் முன் வைத்தார். நவம்பர் 25-ஆம் நாள் நடந்த கருத்து வாக்கெடுப்பில் சுமார் 82 விழுக்காட்டினர் உடன்பாட்டை ஆதரித்தனர். நான்கு நாட்களுக்குப் பின்னர், நவம்பர் 29-இல், அர்ஜெண்டினாவின் டான்டே கபூட்டோவும் சிலியின் ஹைமே டெல் வாயேயும் திருப்பீடச் செயலர் கர்தினால் அகோஸ்தினோ கசரோலியின் முன்னிலையில் வத்திக்கானில் 'அமைதி, நட்புறவு உடன்படிக்கை'யில் கையொப்பமிட்டனர். தீவுகள் சிலிக்குச் சென்றன. அவற்றுக்குக் கிழக்கேயுள்ள கடலின் பெரும்பகுதி அர்ஜெண்டினாவுக்குச் சென்றது. 1980-இல் முன்மொழியப்பட்ட பகிர்வுக் கடல் கைவிடப்பட்டுத் தெளிவான கோடு வரையப்பட்டது. எதிர்காலப் பூசல்களைத் தீர்க்கும் முறைகளும் அதில் வகுக்கப்பட்டன.

1985 மார்ச்சில் அர்ஜெண்டின மேலவை 23-க்கு 22 என்னும் வாக்குகளால் உடன்படிக்கையை ஏற்றது. ஒரேயொரு வாக்கின் வேறுபாடு, இவ்வமைதி எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கியது என்பதைக் காட்டுகின்றது. 1985 மே 2-ஆம் நாள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. நடுவர் தீர்ப்பு அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக எட்டு ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன.

சமயத்தின் பங்கு: ஒரு மதிப்பீடு

இவ்வெற்றியைக் கத்தோலிக்க சமயத்தின் வெற்றி எனப் பொதுமைப்படுத்துவதற்கு முன்னர் எதிர்ச்சான்றுகளையும் நோக்குதல் வேண்டும். 1917 ஆகஸ்டில் பதினைந்தாம் பெனடிக்ட் முதல் உலகப் போரை முடிக்க விடுத்த அமைதி வேண்டுகோளைப் போரிட்ட அரசுகள் புறக்கணித்தன. அதற்கு முன்பே, 1915-ஆம் ஆண்டின் இரகசிய இலண்டன் உடன்படிக்கையின்வழி, அமைதிப் பேச்சுகளில் திருப்பீடம் இடம்பெறக் கூடாதெனக் கத்தோலிக்க நாடாகிய இத்தாலி உறுதி பெற்றிருந்தது. 1982-இல் இரண்டாம் ஜான் பால் பிரிட்டனுக்கும் அர்ஜெண்டினாவுக்கும் அடுத்தடுத்துப் பயணம் செய்து அமைதியை வலியுறுத்தினார். ஃபால்க்லாந்து போர் களத்திலேயே முடிவுற்றது. வேண்டுகோள் ஒன்றே, விளைவு வேறு. பீகிள் சிக்கலில் இரு தரப்பும் ஒருமித்து அழைத்தன. ஏனைய இரண்டிலும் அவ்வழைப்பு இல்லை. அழைப்பில்லாத இடத்தில் அறிவுரை மட்டுமே எஞ்சும்.

இரண்டாவது வரம்பு அறம் சார்ந்தது. சமோரே அமர்ந்து பேசிய தளபதிகள் தம் குடிமக்களையே கடத்திக் கொன்ற ஆட்சியாளர்கள். அர்ஜெண்டினாவில் காணாமற்போனோர் பற்றி 1984-இல் அரசு ஆணையம் வெளியிட்ட அறிக்கை சுமார் 9,000 பேரின் விவரங்களைப் பதிவு செய்தது. உண்மையான எண்ணிக்கை அதனினும் மிகுதி என்பது மனித உரிமை அமைப்புகளின் கருத்து. இக்கொடுமையின்போது திருச்சபை ஒரே குரலில் பேசவில்லை. சிலியில் கர்தினால் ராவுல் சில்வா என்ரிகெஸ் 1976-இல் நிறுவிய ஒருமைப்பாட்டுப் பணியகம், ஒடுக்கப்பட்டோருக்குச் சட்ட உதவி வழங்கியது. அர்ஜெண்டினாவில் ஆயர் என்ரிக்கே அஞ்செலெல்லி 1976-இல் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக 2014-இல் முன்னாள் இராணுவ அதிகாரிகள் தண்டிக்கப்பட்டனர். அதே நாட்டில் காவல்துறையின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்த குருவானவர் ஒருவர், சித்திரவதைகளிலும் கொலைகளிலும் உடந்தையாக இருந்தமைக்காக 2007-இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஆயர்களுள் பலர் மௌனம் காத்தனர்.

இம்மௌனத்திற்கும் சமரசத்திற்கும் தொடர்புண்டா என்னும் வினா தவிர்க்க இயலாதது. 1979 அக்டோபரில், சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இரண்டாம் ஜான் பால் இரு நாடுகளிலும் காணாமற்போனோரைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆகவே திருப்பீடம் முற்றிலும் வாய்மூடி இருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் நடுநிலையாளர் எவரும் குற்றஞ்சாட்டுபவராகவும் விளங்குதல் அரிது. நடுநிலைமைக்கு ஒரு விலையுண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் செலுத்துபவர் பேச்சு மேசையில் இடம்பெறாத மக்களே. போர் தவிர்க்கப்பட்டதால் காக்கப்பட்ட உயிர்களையும், ஆட்சியாளர்களுக்குக் கிட்டிய மதிப்பையும் ஒருங்கே கணக்கிற் கொள்வதே நேர்மையான வரலாற்று நோக்காகும். போர் மூண்டிருப்பின் அவ்விரு ஆட்சிகளும் தேசிய வெறியின் நிழலில் மேலும் வலுப்பெற்றிருக்கக்கூடும் என்பதையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இவ்வரம்புகளுக்குள் நின்று நோக்கும்போது, கத்தோலிக்க சமயம் இச்சிக்கலில் ஆற்றிய பணி மூன்றெனலாம். ஒன்று, இரு தரப்பாரும் மானம் குன்றாமல் பணியத்தக்க ஒருவரை அது வழங்கியது. இரண்டு, தேர்தலுக்கோ ஆட்சிக் காலத்திற்கோ கட்டுப்படாத ஒரு நிறுவனத்தின் பொறுமையை வழங்கியது. மூன்று, உரோமிலிருந்து தலைநகரம் வரையிலும், தலைநகரத்திலிருந்து ஊர்ப்பங்குகள் வரையிலும் நீண்ட ஒரு வலையமைப்பை வழங்கியது. திருப்பீடத் தூதர்கள் தளபதிகளிடம் பேசிய வேளையில், இரு நாட்டு ஆயர்கள் தம் மக்களிடம் அமைதி பற்றிப் பேசினர். அரசுகளோடும் மக்களோடும் ஒரே காலத்தில் பேசத்தக்க அமைப்பு அனைத்துலக அரங்கில் வேறு மிகச் சிலவே.

முடிவுரை

நீதிமன்றத் தீர்ப்பும் திருப்பீடத்தின் சமரசமும் தீவுகள் குறித்து ஒரே முடிவையே எட்டின. ஆகவே சட்டம் தோற்றது, சமயம் வென்றது எனக் கூறுதல் பொருந்தாது. நீதிபதிகள் வகுத்த அடித்தளத்தின் மீதே சமோரே தம் கட்டடத்தை எழுப்பினார். அத்தீர்ப்பு இல்லாதிருப்பின் தீவுகள் சிலிக்குரியவை என்னும் முன்மொழிவுக்கு ஆதாரமே இருந்திராது. தீர்ப்பு யார் பக்கம் நியாயம் என்பதைக் கூறியது; தோற்றவர் அதனோடு எவ்வாறு வாழ்வது என்பதைச் சமரசம் காட்டியது. முன்னதற்கு அறிவும் பின்னதற்குக் காலமும் தேவைப்பட்டன.

உடன்படிக்கை இன்றளவும் நிலைத்துள்ளது. அதன் 25-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2009-இல் இரு நாட்டுத் தலைவர்களும் திருத்தந்தையைச் சந்தித்தனர். 40-ஆம் ஆண்டு நிறைவு 2024 நவம்பரில் வத்திக்கானில் நினைவுகூரப்பட்டது. இரு நாடுகளையும் இணைக்கும் ஆண்டஸ் மலைக் கணவாய் ஒன்று இன்று கர்தினால் சமோரேயின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 2025 மே மாதத்தில், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, ரஷ்ய–உக்ரேனியப் பேச்சுக்கு வத்திக்கானை இடமாகத் தர முன்வந்தபோது, ரஷ்யா அதனை விரும்பவில்லை. ஒருமித்த அழைப்பு இல்லாதவிடத்துத் திருப்பீடத்தின் ஆற்றல் எத்துணைக் குறைவு என்பதை இந்நிகழ்வும் மெய்ப்பிக்கின்றது.

வரலாற்றைக் கற்பிப்போர் போர்களின் காரணங்களை விரிவாகவே கற்பிக்கின்றனர். நிகழாத போர்கள் பாடநூல்களில் இடம்பெறுவது குறைவு. பீகிள் நீரிணையில் போர் நிகழவில்லை என்பதாலேயே அது உலகின் நினைவில் மங்கியுள்ளது. ஒரு போர் ஏன் நிகழவில்லை, அதைத் தடுத்தவர் யார், அதற்கென அவர் எவற்றைச் சொல்லாது விட நேர்ந்தது ஆகிய வினாக்களை மாணவர் முன் வைப்பது, சமயத்தைப் போற்றுவதற்கோ தூற்றுவதற்கோ அன்று. நம்பிக்கையும் அதிகாரமும் சந்திக்கும் இடத்தில் மனிதர் எத்தகைய தேர்வுகளைச் செய்கின்றனர் என்பதை அவர்கள் ஆய்ந்துணர்வதற்கேயாகும்.